சேராத பத்து வீடு

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் புதிதாகச் சேருகிறவர் கையில் முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுப்பார்கள். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்வார்கள். அக்கா தங்கை, சம்பந்தி வீடு, கூடப் படித்தவர்கள், மில்லில் பக்கத்து மிஷினில் நிற்பவர், பிள்ளையின் டீச்சர், பால் ஊற்றுகிறவர் என்று ஒருவரையும் விடக்கூடாது. "இவங்க வாங்க மாட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்பது கூடவே வரும் பாடம். பிறகு அந்த நூறு பேரையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்தில் இந்த லிஸ்டைப் போட்டுப் பாருங்கள். நூறு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பார்கள். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டில் காலையில் பேசியது, சாயங்காலத்துக்குள் சத்திரப்பட்டியில் இருக்கும் நாத்தனாருக்குப் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் இரண்டு ஊரிலும் உண்டு. இங்கே ஒருவரை நச்சரித்து ஒரு பொருளை விற்றுவிட்டால் அந்த ஒரு வீட்டோடு போகாது, தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அடுத்த கல்யாணத்தில் நம்மைப் பார்த்ததும் பந்தியில் வேறு இலை தேடிப் போவார்கள்.

நான் இந்த இரண்டு ஊரிலும் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கிறேன். துணி துவைக்கும் தூள், பாத்திரம் கழுவும் லிக்விட், தரை துடைப்பது, பற்பசை, குளியல் சோப்பு. மனதுக்குப் பிடித்துச் செய்கிற தொழில் இது. கடை வாடகை இல்லாமல், முதலாளியின் முகம் பார்க்காமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் செய்யக்கூடிய வியாபாரம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு இருக்கும் கெட்ட பெயரும் எனக்குத் தெரியும். அந்தப் பெயர் பெரும்பாலும் பொருளால் வந்ததில்லை. நாங்கள் அதை விற்கிற விதத்தால் வந்தது.

எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. "பார்ப்போம் மதினி" என்பார்கள். "அவுக வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்." "போன மாசம் வாங்குனதே இன்னும் தீரல." "ஆடி முடியட்டுமே." காப்பி கொடுத்து, நம் பிள்ளைகளை விசாரித்து, வாசல் வரை வந்து வழியனுப்பும்போது சொல்கிற இந்தப் பேச்செல்லாம் மறுப்புத்தான். கம்பெனி மீட்டிங்குகளில் இவை ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பதில் கற்றுத் தருகிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றால், "அண்ணனையும் மீட்டிங்குக்குக் கூட்டிட்டு வாங்க." காசு இல்லை என்றால், "காசு இல்லாதவங்களுக்குத்தான் இந்த பிஸினஸே." நேரம் இல்லை என்றால், "ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்." அந்த அம்மா போகிற வழியெல்லாம் இப்படி மறித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு டப்பா வாங்கத்தான் செய்வார். நம்மை எழுப்பி அனுப்புவதற்காக வாங்கிய டப்பா அது. அடுத்த முறை நாம் போகும்போது பிள்ளையை விட்டு "அம்மா வீட்ல இல்ல" என்று சொல்லச் சொல்வார்.

ஆகவே ஒரு வீட்டில் உட்கார்ந்ததும் நான் முதலில் சொல்வது இதுதான்: "பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிருங்க மதினி. நாளைக்கும் நான் இந்தத் தெருவுலதான் நடந்து போவேன், நீங்களும் என்னைக் கூப்பிட்டுப் பேசணும்." இதைக் கேட்டதும் அவர்கள் தோள் கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம். அதன் பிறகுதான் அவர்கள் பொருளையே பார்க்கிறார்கள். அதுவரை நம்மிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்பதிலேயே அவர்கள் மனம் இருக்கும். "பார்ப்போம்" என்று ஒரு முறை வந்துவிட்டால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது. பையை மூடிவிடுவேன். மறுபடி அவர்களாகக் கூப்பிடாமல் அந்தப் பொருளைப் பற்றி வாய் திறப்பதில்லை. வழியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசுவோம். அப்படி விட்ட வீடுகளில் பல, நாள் கழித்துத் தாமாகவே ஆள் அனுப்பியிருக்கின்றன. அனுப்பாத வீடுகளும் நிறைய. அவர்களோடும் பேச்சுவார்த்தை கெடவில்லை.

வாசலில் நிற்கும் எங்களைப் பார்த்து மக்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. 2022-இல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது வழக்குப் பாய்ந்தபோது எத்தனை குடும்பங்கள் நகையையும் சேமிப்பையும் இழந்து நின்றன! இவை நான் செய்கிற வியாபாரம் இல்லை, முதலீட்டு மோசடிகள். ஆனாலும் அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், சொந்தக்காரர்கள்தான். "என்னை நம்பிப் போடு" என்று சொல்லித்தான் பிடித்தார்கள். அதனால் கதவைப் பாதி திறந்து பார்க்கிற அம்மாவிடம் எனக்கு வருத்தம் வருவதில்லை. நான் வேறு ஆள் என்று காட்டுவது என் கடமை.

எப்படிக் காட்டுவது? இதற்கு ஒரு பழைய தீர்ப்பு எனக்கு வழி சொன்னது. ஆம்வே நிறுவனம் 1959-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கப்பட்டது. அது ஆள் சேர்ப்பை வைத்தே ஓடும் பிரமிட் மோசடியா, வியாபாரமா என்ற கேள்வி அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்தின் முன் வந்தபோது, 1979-இல் ஆணையம் அதை மோசடி அல்ல என்று முடிவு செய்தது. வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்கும், விலையைக் கட்டுப்படுத்தியதற்கும் அதே தீர்ப்பு அந்த நிறுவனத்தைக் கண்டிக்கவும் செய்தது. மோசடி அல்ல என்பதற்கு ஆணையம் ஆதாரமாக எடுத்துக்கொண்டவை நிறுவனத்தின் மூன்று விதிகள். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றுத் தீர்க்க வேண்டும். மாதம் குறைந்தது பத்து வெவ்வேறு வாடிக்கையாளருக்குச் சில்லறையாக விற்றதற்கு ஆதாரம் காட்டினால்தான் போனஸ்.

அந்தப் பத்து வாடிக்கையாளரை நான் பிடித்துக்கொண்டேன். ஆள் சேர்க்கும் எந்தப் பிளானிலும் இல்லாத, சேர்ந்து ஐ.டி. போடாத, யாருக்கும் கீழே டவுன்லைனாக இல்லாத, பொருளுக்காக மட்டும் பொருளை வாங்குகிற பத்து வீடு. அப்படிப் பத்து வீடு இருந்தால் நான் விற்பது சரக்கு. இல்லையென்றால் நான் விற்பது ஆசை. ஆள் சேர்த்தால்தான் லாபம் என்ற நிலையில் மட்டுமே வாங்கப்படுகிற சோப்பு, சோப்பாக எவருக்கும் தேவைப்படாத சோப்பு. எனக்கு மேலே இருக்கும் ஒரு அப்லைன் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "வெறும் கஸ்டமரை வச்சு என்ன செய்வே, ஆளைச் சேரு" என்றார். வெறும் கஸ்டமர் என்று ஒருவர் கிடையாது. எல்லாக் கிளையும் அவர்களிடமிருந்து வருகிற காசில்தான் நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லிருந்தே இருக்கிறது. 2021 டிசம்பர் 28-இல் நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் அறிவிக்கப்பட்டன. எங்கள் தொழிலில் இருப்பவர்களில் அதைப் படித்தவர்கள் குறைவு. படிக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்காமலும் ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்கிறது. போனதும் நான் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்தேன் என்று உண்மையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. "இதை வாங்கி, இன்னும் நாலு பேரைச் சொல்லிவிட்டா உங்க காசு உங்களுக்கே வந்துரும்" என்று ஆசை காட்டி விற்பதையும் தடுக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் பேச்சே வராது என்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

இந்த விதிகளைப் பலர் தலைவலியாகப் பார்க்கிறார்கள். எனக்கு இவை நல்ல விற்பனைப் பாடமாகத் தெரிகின்றன. "சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று உள்ளே நுழைந்து, அரை மணி நேரம் கழித்துப் பையைத் திறப்பதைவிடக் கேவலம் ஒன்றும் இல்லை. அப்படிச் செய்தால் அதற்கு முன் நீங்கள் உண்மையாகவே பார்க்கப் போன நாட்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நான் முதல் நாளே போன் செய்துவிடுவேன்: "நாளைக்குத் துணித் தூள் கொண்டு வரட்டுமா, பார்க்கிறீங்களா?" வேண்டாம் என்பதற்குப் போனில் சிரமம் குறைவு. அதற்காகவே போன்.

நச்சரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். குணத்தால் வருவதில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சரக்கால் வருகிறது. மாதக் கடைசியில் 'க்ளோஸிங்' என்று ஒன்று உண்டு. இத்தனை பாயிண்ட் வந்தால் அடுத்த லெவல், இல்லையென்றால் இந்த மாத உழைப்பு வீண் என்று போன் மேல் போன் வரும். பாயிண்டுக்காகச் சொந்தக் காசைப் போட்டுச் சரக்கெடுப்பார்கள். சங்கிலியை அடகு வைத்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழுக் கடனை இதில் இறக்கியவர்களும் உண்டு. அந்தச் சரக்கு வீட்டில் கிடக்கக் கிடக்க, நேற்றுவரை நிதானமாகப் பேசிய பெண் இன்று தெருவில் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவளை அப்படி ஆக்கியது கடன். 70 சதவீதம் விற்காமல் அடுத்த சரக்கு எடுக்காதே என்ற அந்தப் பழைய விதி அமெரிக்காவில் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தாலும் சரி, என் வீட்டில் அதற்கு மேலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காத எதையும் நான் ஆர்டர் போடுவதில்லை. இதனால் சில லெவல்கள் எனக்கு வரவில்லை. இரவில் தூக்கம் வருகிறது.

இனி டெமோவுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், அதிகம் கெட்டுப்போயிருக்கும் இடமும் இதுதான்.

கண்ணாடி டம்ளர் டெமோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் அயோடின் சொட்டு விட்டுப் பழுப்பாக்குவார்கள். சத்து மாத்திரையைப் பொடித்துப் போட்டதும் தண்ணீர் தெளிந்துவிடும். "உங்க உடம்புல இருக்குற நச்சும் இப்படித்தான் போகும்" என்பார்கள். கூட்டம் வாயைப் பிளக்கும். மாத்திரையில் இருக்கும் வைட்டமின் சி, அயோடினை நிறமில்லாத அயோடைடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலும் இதேதான் நடக்கும். உடம்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் நாளை கேட்டுவிடும்.

நான் செய்வது மிகச் சாதாரணமான டெமோ. அவர்கள் வீட்டு வாளி, அவர்கள் வீட்டுத் தண்ணீர், அவர்கள் வீட்டு அழுக்குத் துணி. தண்ணீர்தான் இதில் முக்கியம். ராஜபாளையத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குழாயில் வருகிறபோது எந்த சோப்பும் நன்றாக நுரைக்கும். குழாயில் வராத நாளில் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் வருகிற போரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. சோப்பு அதோடு சேர்ந்து நுரைக்குப் பதில் வெள்ளைத் திப்பியாகப் படியும், வெள்ளைச் சட்டை நாளடைவில் சாம்பல் பூத்துப்போகும். தூள்களில் இதைச் சமாளிக்கும் சேர்மானங்கள் உண்டு, எல்லாத் தூளிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மீட்டிங் ஹாலில் கேன் தண்ணீரில் காட்டும் டெமோவுக்கு இந்த வீட்டில் என்ன அர்த்தம்? அவர்கள் கஷ்டப்படுவது போர் தண்ணீரோடு. அதே தண்ணீரில் அவர்கள் கடையில் வாங்கும் தூளை ஒரு வாளியிலும் என்னுடையதை இன்னொரு வாளியிலும் போட்டு, பிள்ளையின் யூனிஃபார்ம் இரண்டை ஊறவைத்து, அவர்கள் கையாலேயே கசக்கச் சொல்வேன். நான் கை வைப்பதில்லை. என் கை பட்டால் ஏதோ வித்தை என்று தோன்றும்.

சில வீடுகளில் கடைத் தூளே போதுமானதாக இருக்கும். வித்தியாசம் தெரியாது. அங்கே நான் வாதாடுவதில்லை. "உங்க தண்ணிக்கு இதுவே நல்லாத்தான் இருக்கு, எதுக்கு மாத்தணும்" என்று சொல்லிவிட்டு வருவேன். அப்படிச் சொன்ன ஒரு வீட்டிலிருந்துதான், வேறு தெருவில் இருக்கும் அவர்கள் மகளுக்கு என்னைச் சொல்லிவிட்டார்கள்.

விலையையும் மறைக்கக்கூடாது. எங்கள் பாட்டில்களின் விலையைக் கேட்டால் மில் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குத் திக்கென்று இருக்கும். அது நியாயம். நான் முதலிலேயே "கடையைவிட இது விலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் நோட்டிலேயே கணக்குப் போடச் சொல்வேன். 500 ரூபாய்ப் பாட்டில் மூடி அளந்து ஊற்றினால் நூறு தடவை வருமானால் தடவைக்கு 5 ரூபாய். அவர்கள் வாங்கும் 10 ரூபாய்ப் பாக்கெட் எத்தனை தடவை வருகிறது? ஒரு தடவைக்கென்றால் நம்முடையது லாபம். மூன்று தடவை வருகிறதென்றால் கடைப் பாக்கெட்தான் மலிவு, அதையும் அதே நோட்டில் எழுதிவிட வேண்டியதுதான். அவர்கள் கணக்கில் தப்பு இருக்காது என்பதால் என் பேச்சைவிட அதைத்தான் நம்புவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போயிருக்கிறீர்களா? 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம், ஊரெங்கும் கடைகள். உள்ளே போனதும் கடைக்காரர் ஒரு கிள்ளு எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார். வைத்துவிட்டு அடுத்தவருக்கு எடை போடப் போய்விடுவார். வாயில் போட்டவர் முகத்தை நின்று பார்ப்பதில்லை, "எப்படி இருக்கு, எத்தனை கிலோ?" என்று துரத்துவதும் இல்லை. நானும் டெமோ முடிந்ததும் ஒரு சின்னப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஃபாலோ அப் போன் கிடையாது. 48 மணி நேரத்துக்குள் பேசாவிட்டால் ஆள் ஆறிவிடுவார் என்று மீட்டிங்கில் சொல்வார்கள். ஆறியும் வேண்டும் என்று தோன்றுகிறவர்தான் எனக்கு வாடிக்கையாளர்.

நேரம் பார்த்துப் போவது தனி வித்தை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊருக்கு ஷிப்டுதான் கடிகாரம். மில்காரர்கள் இருக்கும் தெருவில் காலை பத்து மணிக்குக் காலிங் பெல் அடித்தால், நைட் ஷிப்ட் முடிந்து வந்து கண்ணயர்ந்தவரை எழுப்புகிறீர்கள். அந்த வீட்டில் அமிர்தத்தைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். யார் வீட்டில் எந்த வாரம் என்ன ஷிப்ட் என்று தெரிந்து வைத்துக்கொள்வது மரியாதை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீடுகளில் தறி ஓடும் நேரத்தில் பேசவே முடியாது, பேசக்கூடாது. அவர்களுக்கு ஒவ்வொரு மீட்டரும் கூலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுகிற நாட்களில் வீடு நிறைய ஊரார், உறவினர். புரட்டாசிச் சனிக்கிழமை விடிவதற்குள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களில் அங்கே நான் போனால் சாமி கும்பிடத்தான் போவேன், பை கொண்டு போவதில்லை. கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி வாசல் மூன்றிலும் வியாபாரம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. அவர்களில் ஒருவர் செய்வதற்கு நாங்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பர்வேர் டப்பாக்கள் அமெரிக்கக் கடைகளில் விற்காமல் கிடந்தபோது, பிரவுனி வைஸ் என்ற பெண் அதைத் தெருப் பெண்களைக் கூட்டி வைத்து, மூடியை அமுக்கிக் காற்றை வெளியேற்றிக் காட்டி விற்றார். 1951-இல் நிறுவனம் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு அவர் வழிக்கு வந்தது. 1954-இல் 'பிஸினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958-இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது வேறு கதை. அவர் கண்டுகொண்டது பெரிய விஷயம்: பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல்தான் மக்கள் வாங்காமல் இருந்தார்கள், பக்கத்து வீட்டு அடுக்களையில் அதைப் பார்த்ததும் வாங்கினார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. முறுக்கும் காப்பியும் கொடுத்த வீட்டுக்காரிக்கு முன்னால் வெறுங்கையோடு எழுந்து போக யாருக்கும் மனம் வராது. அதனால் எங்கள் வீட்டில் பெண்கள் கூடினால் அன்றைக்கு ஆர்டர் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், விலை கேட்கலாம். வேண்டுமென்றால் மறுநாள் போன் செய்யலாம். கூட்டத்தில் ஆர்டர் எழுதினால் தொகை பெரிதாகத்தான் வரும். மறுநாள் போனில் வருகிற ஆர்டர்தான் அடுத்த மாதமும் வரும்.

வாட்ஸ்அப்பில் கேட்காமல் ஒருவரைக் குரூப்பில் சேர்ப்பதும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதுதான். ஸ்டேட்டஸ் போதும். அதில் வெளிநாட்டு டூர் படமும் கார் சாவிப் படமும் வேண்டாம்.

சத்து மாவு, மாத்திரை விற்கிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை போகும், மூட்டு வலி போகும், மருந்தை நிறுத்திவிடலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆசையில் நம்புகிறவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. சத்துப் பொருள் டப்பாவின் லேபிளிலேயே, மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். யாராவது கேட்டால் அந்த வரியை நான் தமிழில் படித்துக் காட்டுவேன். டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். விற்பனை போகும், போகட்டும்.

கடைசியாக, ஆள் சேர்ப்பது. நான் அதற்கு எதிரி அல்ல. என்னோடு சில பெண்கள் செய்கிறார்கள். அவர்கள் எல்லோரும் முதலில் வெகுநாள் வாடிக்கையாளராக இருந்தவர்கள், பொருளை அடுக்களையில் தேய்த்துத் தீர்த்தவர்கள். பொருள் கொடுக்கப் போகிற அன்றைக்குத் தொழிலைப் பற்றி நான் பேசுவதில்லை. அவர்களாகக் கேட்டால் இன்னொரு நாள் குறித்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போய்ப் பேசுவேன். மேடையில் சொல்லும் லட்சங்களைச் சொல்வதில்லை. என் பாஸ்புக்கைக் காட்டுவேன். அதில் வந்திருப்பது எவ்வளவு சின்னத் தொகை என்று பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று எழுந்து போனவர்கள் உண்டு. "இது போதும்" என்று உட்கார்ந்தவர்கள்தான் இன்றுவரை இருக்கிறார்கள். ஒப்பந்தம் போட்டவர் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலகுவதற்குக் கால அவகாசம் விதிகளில் இருக்கிறது. அதையும் கையெழுத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

பிடிக்காத பொருளைத் திரும்ப வாங்குவதில் தயங்கவே கூடாது. பாதி தீர்ந்த பாட்டிலாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிடுங்கள். ஏன், எதற்கு என்று விசாரணை வேண்டாம். கொடுப்பதைத் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் மூன்று மாதம் ஒருவரையும் சேர்க்காதீர்கள், அப்லைன் எவ்வளவு சொன்னாலும் சரி. சேராத பத்து வீட்டைத் தேடுங்கள். அந்தப் பத்து வீடும் இரண்டாம் முறை தாமாகக் கேட்டு வாங்கினால் தொடருங்கள். கேட்கவில்லை என்றால் அந்தப் பொருளையோ கம்பெனியையோ விட்டுவிடுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள்.

வாங்குகிற மதினிமார்களுக்கும் ஒன்று. எங்களிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் அடுத்த முறையும் வாங்க வேண்டியதில்லை. யாராவது ஏமாற்றிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.